விழாவில் நமக்குள்ள பங்கு

ஆடி பிறந்துவிட்டால் நம் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் உழவருக்கு விதைப்புக் கவலையும், நெசவாளருக்குத் தீபாவளிச் சரக்கைப் பற்றிய கவலையும் ஒருங்கே தொடங்கிவிடுகின்றன. இவ்விரு கவலைகளுக்கும் நடுவே, சில ஆண்டுகளாக, மூன்று விழா நாட்கள் அடுத்தடுத்து வந்து நம்மை அழைக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை. ஆகஸ்டு 7-ஆம் நாள் தேசியக் கைத்தறி நாள். ஆகஸ்டு 15-ஆம் நாள் சுதந்திர தினம். முதலாவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரசனை நினைவூட்டுவது. இரண்டாவது, வங்க நாட்டில் எடுக்கப்பட்ட ஓர் உறுதிமொழியை நினைவூட்டுவது. மூன்றாவதைப் பற்றி விளக்கவும் வேண்டுமோ?

இத்தகைய விழாக்களால் நாட்டுப்பற்று வளர்கிறது, மக்களிடையே ஒற்றுமை ஓங்குகிறது என்று மேடைதோறும் கூறப்படுகிறது. அதை மறுக்க நான் வரவில்லை. ஆயினும், சங்கக் கணக்குகளைப் பார்த்துப் பழகியவனுக்கு ஒரு வழக்கம் படிந்துவிடுகிறது. 'வரவு' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தால், அது எங்கிருந்து வந்தது, எந்த ரசீதின்படி வந்தது என்று கேளாமல் அவனால் பக்கத்தைப் புரட்ட இயலாது. விழாவினால் ஒற்றுமை வரவாகிறது என்றால், அது எவ்வழியாக வரவாகிறது? பந்தலில் அமர்ந்து கைதட்டியவனிடத்தில் வருகிறதா, பந்தற்கால் நட்டவனிடத்தில் வருகிறதா? இக்கேள்வியை நம் சங்க அங்கத்தினர்கள் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் நம் ஊர்ச் செய்தியைப் பார்ப்போம்.

2025-ஆம் ஆண்டு ஜூலை 23 முதல் 27 வரை கங்கைகொண்ட சோழபுரத்தில் மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் ஆடித் திருவாதிரை விழாவைப் பெரிய அளவில் நடத்தியது. இராசேந்திர சோழன் கடல் கடந்து படை செலுத்தியதன் ஆயிரமாவது ஆண்டு என்பதும், கோயிற்பணி தொடங்கியதன் ஆயிரமாவது ஆண்டு என்பதும் அவ்விழாவுக்குக் காரணமாகக் கூறப்பட்டன. நிறைவு நாளில் பிரதமர் நரேந்திர மோடி வந்து அரசனின் நினைவாக நாணயம் ஒன்றை வெளியிட்டார். தமிழக அரசும் ஆடித் திருவாதிரையை அரசு விழாவாகவே எடுத்து வருகிறது. சென்ற தலைமுறையில் ஜெயங்கொண்டத்துக்கு அப்பால் வெளியூரார் அதிகம் நாடாத ஓர் ஊருக்கு, நாட்டின் கண்கள் அனைத்தும் திரும்பின. 2004-ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ நிறுவனம் இக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டது என்றபோதிலும், அச்செய்தியைவிட அந்த ஐந்து நாட்களே நம் மக்களின் மனத்தில் ஆழப் பதிந்தன.

ஆனால் இவ்விழா அன்று தொடங்கியதன்று. 2014-ஆம் ஆண்டில், இராசேந்திரன் அரியணை ஏறி ஆயிரம் ஆண்டுகள் நிறைந்ததை நம் பகுதி மக்களே முன்னின்று கொண்டாடினார்கள். அரசன் பிறந்தது மார்கழித் திருவாதிரையா, ஆடித் திருவாதிரையா என்று அறிஞரிடையே ஒரு காலத்தில் ஐயம் இருந்தது. திருவாரூர்க் கோயிற் கல்வெட்டொன்று ஆடித் திருவாதிரை என்று தெளிவாக்கியது. கல்லைப் படித்தவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து எடுத்த நாள் அது. பின்னரே அரசுகள் வந்தன. ஒரு சங்கம் முதலில் அங்கத்தினர்களால் நிறுவப்பட்டுப் பின்னர் அரசின் பங்கு மூலதனத்தைப் பெறுவது போன்றது இது. இந்த வரிசை மாறாதிருப்பது நல்லது என்பது என் கருத்து.

இனி, விழாவில் நினைக்கப்படும் வரலாறு எத்தகையது என்பதையும் சற்று நோக்க வேண்டும். இராசேந்திரனின் படை கங்கை வரை சென்றது. வங்கத்தில் ஆண்ட மகிபாலன் முதலியோரை வென்றது. கங்கை நீரைக் கொணர்ந்து இங்கே வெட்டிய பேரேரியில் சேர்த்து, அதற்குச் சோழகங்கம் என்று பெயரிட்டான் அரசன். திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியை நீரினாலான வெற்றித் தூண் என்னும் கருத்துப்படப் போற்றுகிறது. இன்று நாம் பொன்னேரி என்று அழைப்பது அதனையே. வெற்றிக்குக் கல்லில் தூண் நாட்டாமல் ஏரியைத் தூணாகக் கருதியது உழவர் மெச்சத்தக்க எண்ணம். எனினும், அந்தப் போர்களில் தோற்றவர்களும் இன்று நம் நாட்டு மக்களே, நம் அண்டை நாட்டு மக்களே என்பதை மறந்து பேசினால், ஒற்றுமைக்காக எடுக்கும் விழா வேறொன்றாக மாறிவிடும். வங்கத்திலிருந்து வந்து நம் கோயிலைக் காணும் ஒருவர், "உங்கள் முன்னோரை வென்றோம்" என்று மட்டும் கேட்டுத் திரும்புவாரானால் அவருக்கு நாம் காட்டிய விருந்தோம்பல் என்ன?

அக்கோயிலில் எனக்கு மிகப் பிடித்த வரலாறு வேறொன்று. அது எந்த மேடையிலும் அதிகம் பேசப்படுவதில்லை. 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயில் மதிலின் கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. இதைக் கேட்டதும் நெஞ்சு கொதிப்பது இயல்பு. கொதிக்கட்டும். ஆனால் ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் போகும்போது அணைக்கரையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அந்த அணையில் தேங்கும் நீர் வாய்க்கால்களில் இறங்கிக் கடைமடை வயல்களுக்குப் போகிறது; வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்குப் போகிறது; அங்கிருந்து குழாய் வழியே சென்னை நகரத்தாரின் குடிநீராகவும் போகிறது. சோழன் மதிலின் கல்மீது தவழ்ந்த நீரை முன்பின் அறியாத எத்தனையோ பேர் குடிக்கிறார்கள். இழப்பும் பயனும் ஒரே கல்லில் அமைந்த இவ்வரலாற்றை என் நண்பர் ஒருவரிடம் கூறியபோது, "இதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?" என்று கேட்டார். இரண்டும் படலாம் என்றேன். நாட்டின் வரலாறு முழுவதுமே ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து வங்கத்துக்குச் சென்றது படை. 1905-இல் வங்கத்திலிருந்து இங்கே வந்ததோ ஓர் உறுதிமொழி. நெசவாளர் சங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

வங்க மாகாணத்தை இரண்டாகப் பிரிக்க ஆங்கில அரசு முடிவு செய்தது. 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடி, அந்நியச் சரக்குகளைப் பகிஷ்கரிப்பது என்று தீர்மானித்தது. அன்று பிறந்ததே சுதேசி இயக்கம். அக்டோபர் 16-இல் பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது, கவி இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பின்பேரில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர் கையில் ஒருவர் காப்பு நூல் கட்டினர். பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. பிரிவினை 1911-இல் கைவிடப்படும் வரை அந்நாள் ஆண்டுதோறும் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அரசு விடுமுறை அளித்த நாளன்று அது. அரசின் முகம் சுளிக்க மக்களே வகுத்துக்கொண்ட நாள்.

அந்த அலை தென்னாட்டுக்கு வந்தபோது என்ன உருவெடுத்தது என்பதில் கூட்டுறவாளருக்குப் பாடம் உண்டு. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பெருந்தனவந்தர் சிலரிடம் கைநீட்டி முடித்துவிடாமல், நாற்பதினாயிரம் பங்குகளாகப் பிரித்தது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். பங்கு வாங்கியவனுக்குக் கப்பலில் ஒரு பலகையாவது சொந்தம். கப்பல் கரைக்கு வரும்போது அவன் வேடிக்கை பார்க்க வருவதில்லை. தன் பொருளைப் பார்க்க வருகிறான்.

1908-இல் விபின் சந்திர பால் என்னும் வங்கத் தலைவர் சிறையிலிருந்து விடுதலையாகும் நாள் வந்தது. அந்நாளை, மார்ச் 9-ஆம் தேதியை, நெல்லைச் சீமையில் கொண்டாடுவது என்று வ. உ. சி.யும் அவர்தம் தோழர்களும் முடிவு செய்தார்கள். அரசு அதை விரும்பவில்லை. கொண்டாட்டம் நடந்தது. மார்ச் 12-இல் வ. உ. சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி நகரமே கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தாங்கள் கண்ணால் கண்டிராத கல்கத்தாக்காரர் ஒருவரின் விடுதலைக்காகத் தாமிரபரணிக் கரையில் விழா எடுத்து, அதற்காக உயிரும் கொடுத்த மக்கள் அவர்கள். விழா எடுப்பதால் ஒற்றுமை உண்டாகுமா என்று கேட்டால் நான் காட்டக்கூடிய முதல் சாட்சி இதுவே. சில நாட்களுக்கு முன்னர்தான் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வ. உ. சி.யின் துணையோடு கூலி உயர்வு பெற்றிருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூலியைப் பற்றிப் பேசியவரின் விழா என்பதால்தான் கூலிக்காரர் திரண்டனர்.

சுதேசி இயக்கத்தில் குறையே இல்லை என்று நான் எழுதினால் அது வரலாறாகாது. கிழக்கு வங்கத்தின் ஏழைக் குடியானவர்களுக்கு மலிவான சீமைத் துணியே எட்டக்கூடியதாக இருந்தது. சுதேசித் துணி விலை கூடுதல். வாங்க இயலாதவரை வற்புறுத்திய இடங்களில், ஒற்றுமைக்காகத் தோன்றிய இயக்கமே மனக்கசப்பை வளர்த்தது. காப்பு நூல் கட்டச் சொன்ன தாகூரே பின்னர் இதைக் கண்டு வருந்தி இயக்கத்திலிருந்து விலகி நின்றார். விலையை மறந்து உணர்ச்சியை மட்டும் விற்க முயன்றதன் விளைவு அது. கைத்தறித் துணியை விற்கும் நம் சங்கங்கள் ஆகஸ்டு 7 அன்று நினைக்க வேண்டிய செய்திகளுள் இதுவும் ஒன்று.

அந்த ஆகஸ்டு 7-ஐத்தான் 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசியக் கைத்தறி நாளாக அறிவித்தது. முதல் விழா நம் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் நடைபெற்றது. நம் தொழிலுக்கென்று நாட்டின் நாட்காட்டியில் ஓரிடம் கிடைத்தது சிறிய செய்தியன்று. 2019-20-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி நாட்டில் கைத்தறியையும் அதைச் சார்ந்த வேலைகளையும் நம்பியிருப்போர் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் பெண்கள். இத்தனை பேரை நாடு ஒருநாள் நினைத்துப் பார்ப்பது முறையே.

சில ஆண்டுகளுக்கு முன், ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களில் ஒன்றில், பருத்தி ரகங்கள் போடும் ஒரு சங்கத்தின் கைத்தறி நாள் விழாவுக்கு நான் சென்றிருந்தேன். உடையார்பாளையம், இலையூர், வாரியங்காவல் என்று அந்த வட்டாரத்தில் தறியோசை கேட்கும் ஊர்கள் பல. எந்த ஊர் என்று கூறுவது இங்கே தேவையில்லை. காலை பத்து மணிக்கு விழா. நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்திருந்தார்கள். தலைவர் வரவேற்றார். சிறப்பு விருந்தினர் சுதேசி இயக்கத்தைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார். பிறகு மேடையில் இருந்தோர்க்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது.

விழா முடிந்து இறங்கியபோது முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் என் தோளில் கிடந்த பொன்னாடையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஐயா, இது எங்கே வாங்கியது?"

"தெரியாது. சங்கத்தில்தான் வாங்கியிருப்பார்கள்" என்றேன்.

"இது நூலே இல்லை ஐயா. பாலியெஸ்டர். விசைத்தறியில் ஓட்டியது. நாங்கள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, இதைப் போர்த்துகிறதற்குக் கைதட்டியிருக்கிறோம்."

அவர் கோபத்தோடு கூறவில்லை. சிரித்துக்கொண்டே கூறினார். அதுதான் என்னை அதிகம் வருத்தியது. பின்னர் ஆய்வுக்குச் சென்றபோது செலவுச் சீட்டைப் பார்த்தேன். கடைத்தெருவில் வாங்கிய பொன்னாடைகள். ரசீது சரி, தொகை சரி, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் சரி. ஆய்வுக் குறிப்பில் எழுதுவதற்கு விதிப்படி ஒன்றுமில்லை. எனக்குப் போர்த்தியதை நானும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. வீட்டில் அலமாரியில் கிடக்கிறது.

இது ஒரு சிறு சங்கத்தின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம். ஆனால் நாட்டு அளவிலும் இதற்கு ஒப்பானது நிகழ்ந்திருக்கிறது. தேசியக் கொடி, கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் அமைய வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் கொடிச் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு, இயந்திரத்தில் செய்த பாலியெஸ்டர்க் கொடிக்கும் இடமளிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு நிறைவையொட்டி வீடுதோறும் கொடியேற்றுமாறு அழைப்பு வந்தபோது, கடைகளில் குவிந்த கொடிகளைப் பார்த்தவர்களுக்கு அத்திருத்தத்தின் பயன் விளங்கியிருக்கும். குறுகிய காலத்தில், குறைந்த விலையில், கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கதர்க் கொடி கொடுத்திருக்க இயலுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடிசை வீட்டுக்காரரும் கொடியேற்றினார் என்பதில் மகிழ்ச்சி இல்லாமலில்லை. ஆயினும் ஓராண்டுக்கு முன்னரே ஊர் ஊராக நூற்போர்க்கும் நெய்வோர்க்கும் வேலை பிரித்துக் கொடுத்திருந்தால், கொடியில் பங்குள்ளவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! 1947 ஆகஸ்டு 15-இன் அதிகாலையில் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறிய பட்டுக்கொடியை இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் காக்கிறார்கள். சென்னை செல்லும் நெசவாளர்கள் அதைக் கண்டு வர வேண்டும். இன்னொன்றையும் கூறிவிடுகிறேன். நெசவாளரின் குரலுக்கென்று இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020-ஆம் ஆண்டு ஜூலை 27-இல் கலைக்கப்பட்டது. அதற்குப் பதினோராம் நாள் கைத்தறி நாள். அவ்வாண்டும் வாழ்த்துரைகளுக்குக் குறைவில்லை.

விழா நாளை மக்கள் தம்முடையதாக எண்ணுவது எப்போது என்பதற்குக் கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. பிரெஞ்சு நாட்டின் தேசிய நாள் ஜூலை 14. 1789-இல் பாஸ்டில் கோட்டை வீழ்ந்த நாள் என்றே நாம் பள்ளியில் படித்தோம். மறு ஆண்டு, 1790-இல், அதே நாளில் நாட்டின் எல்லாப் பகுதியினரும் பாரிசு நகரில் கூடி ஒற்றுமை விழா எடுத்தனர். அதற்குரிய பெருமைதானத்தைத் தோண்டி மண்மேடு அமைக்க வேண்டியிருந்தது. வேலையாட்கள் போதவில்லை; நாள் நெருங்கிவிட்டது. அப்போது பாரிசு மக்கள், சீமாட்டியும் சலவைக்காரியும், பாதிரியாரும் படைவீரரும், மண்வெட்டியும் ஒற்றைச் சக்கர வண்டியுமாகத் தாங்களே இறங்கி மண் சுமந்தார்கள். விழா நாளில் மழை பெய்தது என்கிறார்கள். அதைப் பொருட்படுத்தியவர் இல்லை. 1880-இல் ஜூலை 14-ஐத் தேசிய நாளாக்கிச் சட்டம் செய்தபோது, 1789-ஐ நினைப்பதா 1790-ஐ நினைப்பதா என்று ஆண்டைக் குறிப்பிடாமலே விட்டுவிட்டார்கள். கோட்டையை இடித்ததை விரும்புவோரும், கூடி மண் சுமந்ததை விரும்புவோரும் ஒரே நாளில் கொடியேற்ற அது வழி செய்தது.

நம் அரியலூர் மாவட்டத்துக்கும் அத்தகைய இரட்டை நாள் உண்டு. கீழப்பழுவூர்ச் சின்னசாமி 1964-ஆம் ஆண்டு ஜனவரி 25-இல் தமிழுக்காகத் திருச்சியில் தம் உயிரைக் கொடுத்தார். தமிழ்நாட்டில் அந்நாள் மொழிப்போர்த் தியாகிகள் நாள். மறுநாள் ஜனவரி 26 குடியரசு நாள். முதல் நாள் மலர்மாலை வைத்தவர்களே மறுநாள் தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்துகிறார்கள். இது முரண்பாடு என்று கருதுவோர் உண்டு. அரசியல் பேசுவது என் வேலையன்று. எனினும் எனக்கு இதில் முரண் தோன்றவில்லை. 1965-இன் கொந்தளிப்புக்குப் பின், இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலமும் தொடரும் என்பதற்கு 1967-ஆம் ஆண்டின் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் உறுதியளித்தது. மகாசபையில் எதிர்த்துப் பேசிய அங்கத்தினரின் குறையைத் தீர்த்து வைத்த சங்கம் அதனால் பலவீனப்பட்டதாக நான் கண்டதில்லை. பேச விடாமல் முடித்த மகாசபைகளைத்தான் பிறகு கலகத்தோடு கண்டிருக்கிறேன்.

விழாவே இல்லாத நாளொன்றும் நமக்கு உண்டு. 1956 நவம்பர் 23-இல் அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் பழுதுற்று, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி, பாலத்தைத் தாம் கட்டவில்லை, வண்டியைத் தாம் ஓட்டவில்லை என்று கூறாமல், பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உருப்பெற்றதும் 2007-ஆம் ஆண்டின் அதே நவம்பர் 23-தான். மாவட்டம் பிறந்த நாளென்று வாழ்த்துவோர் மருதையாற்றையும் ஒரு கணம் நினைத்தால் நன்று.

பொன்னாடையைத் தேய்த்துப் பார்த்த பெரியவரின் சங்கத்துக்கு மீண்டும் வருகிறேன். நான் ஆய்வுக் குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை என்றேன் அல்லவா? நிர்வாகக் குழுவினரிடம் வாய்மொழியாகப் பேசினேன். அடுத்த ஆண்டு அவர்கள் விழாவை வேறு விதமாக நடத்தினார்கள். தறி வேலை கெடாதபடி மாலை ஆறு மணிக்கு வைத்தார்கள். விருந்தினர்க்குப் போர்த்தும் துண்டுகளை ஒரு மாதம் முன்னரே அங்கத்தினர்களிடம் கொடுத்து, வழக்கமான கூலி விகிதத்தில் நெய்து வாங்கினார்கள். பெரம்பலூர்ப் பக்கத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றிலிருந்து பருத்தி பயிரிடும் அங்கத்தினர் சிலரையும் அழைத்திருந்தார்கள். இந்த எண்ணம் என்னுடையதன்று. சங்கத்தின் பெண் அங்கத்தினர் ஒருவருடையது. "நூல் நூல் என்கிறோமே, பருத்தி போடுகிறவரை நாம் பார்த்ததே இல்லையே" என்று அவர் குழுவில் கேட்டாராம்.

வந்த உழவர்களுள் ஒருவர், "எங்கள் பருத்தி உங்கள் நூலில் இருக்கிறதா?" என்று கேட்டார். ஒருவராலும் விடை கூற இயலவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் போன பருத்தி எந்த ஆலைக்குச் சென்றது, அந்த ஆலையின் நூல் எங்கே போயிற்று என்பதை யார் அறிவார்? நூல் கட்டின் மேலிருந்த சீட்டை எடுத்து அவரிடம் காட்டினார்கள். ஆலையின் பெயர் இருந்தது. வயலின் பெயர் இல்லை. பிறகு அவரைத் தறிக்குழியில் இறக்கி மிதியை மிதிக்கச் சொன்னார்கள். நாடா பாதியில் நின்றது. பாவில் நாலைந்து இழை அறுந்தது. தறிக்காரர் வாய் திறவாமல் அவற்றை முடிந்துகொண்டிருந்தார். விழாவில் எல்லாரும் மெய்மறந்து சிரித்த நேரம் அதுதான்.

சொற்பொழிவுக்குப் பதிலாகச் சங்கத்தின் முதல் தீர்மானப் புத்தகத்தைப் படிப்பது என்று ஏற்பாடு. கரையான் அரித்த ஓரமும் மங்கிய மசியுமாக அப்புத்தகம் இரும்புப் பெட்டியின் அடியில் இருந்தது. கையெழுத்தைவிடக் கைநாட்டே அதில் மிகுதி. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி ஒலிபெருக்கி முன் நின்று முதற் கூட்டத்தின் நடவடிக்கைகளைப் படித்தாள். பங்குத்தொகை செலுத்தியவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தபோது, "எங்கள் தாத்தா," "எங்கள் பெரியப்பா" என்று கூட்டத்தில் குரல்கள் எழுந்தன. நான்காவது தீர்மானம் இவ்வாறு தொடங்கியது: சங்கத்தில் பெற்ற நூலுக்குத் துணி திருப்பாத அங்கத்தினருக்கு நோட்டீசு கொடுப்பது. கீழே ஒரே ஒரு பெயர். அது நம் பெரியவரின் தகப்பனார் பெயர்.

சிறுமி தயங்கி நின்றாள். தலைவர், போதும் என்று சைகை காட்டினார். கூட்டம் பெரியவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"படி அம்மா," என்றார். "திருப்பிக் கொடுத்தாரா என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கும்."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். இரண்டு தவணையில் கொடுத்திருந்தார்.